வெனிலா கஸ்டர்ட் பவுடர்: வீட்டு ஃப்ரூட் சாலட்டுக்கு இன்னும் இதுதான் சரி

வெய்க்ஃபீல்டு, பிரவுன் அண்ட் போல்சன் என மளிகைக்கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் உள்ளே பெரும்பங்கு சோளமாவுதான். கூடவே வெனிலா வாசனை, மஞ்சள் நிறம், கொஞ்சம் உப்பு. சோளமாவும் எசன்ஸும் வாங்கி நாமே கலந்தால் செலவு குறையும். ஆனால் கல்யாணப் பந்தியிலும் பழைய ஐஸ்கிரீம் பார்லரிலும் கிடைத்த அந்த ருசி வேண்டுமென்றால் பெட்டிக்குத்தான் போக வேண்டும். 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் இதைக் கண்டுபிடித்ததே முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக. முட்டை இல்லாததால் நம் சைவச் சமையலறைகளுக்கும் தடையில்லாமல் பொருந்திவிட்டது.

அளவு இப்படி: பால் 500 மில்லி, பவுடர் 25 கிராம் (தலைதட்டிய மேசைக்கரண்டியில் மூன்று), சர்க்கரை 60 கிராம், நறுக்கிய பழம் 400 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி. ஐந்தாறு பேருக்கு வரும். வெறும் கஸ்டர்டாக ஊற்றிச் சாப்பிட இரண்டு கரண்டி பவுடரே போதும். சாலட்டுக்கு மூன்று வேண்டும், ஏனென்றால் சர்க்கரை பட்டதும் பழம் தண்ணீர் விடும். முதலில் கெட்டியாக இருந்தால்தான் பரிமாறும்போது பதமாக இருக்கும்.

பவுடரை அரை டம்ளர் ஆறிய பாலில் கரைக்க வேண்டும். சூடான பாலில் நேராகப் போட்டால் வெளிமாவு உடனே வெந்து, உள்ளே காய்ந்த மாவுடன் உருண்டைகளாகிவிடும். அப்புறம் வடிகட்டிதான் கதி. மீதிப் பால் சர்க்கரையோடு கொதித்ததும் தீயைக் குறைத்து, கரைசலை இன்னொருமுறை கலக்கி (மாவு அடியில் தங்கியிருக்கும்) ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியானவுடன் இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. குமிழி விட ஆரம்பித்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் வேக வேண்டும். இல்லையென்றால் பச்சை மாவு வாடை போகாது. கரண்டியின் பின்புறம் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

இனிப்பு பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விடாதீர்கள். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை: எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும், கெட்டியாக இருந்த கஸ்டர்ட் காரணம் தெரியாமல் நீர்த்துப்போகும்.

ஆறும்போது ஏடு கட்டாமல் அவ்வப்போது கிளறி, பிறகு நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது அல்வா மாதிரி இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், மத்தால் நாலு சுற்று சுற்றினால் இளகும். அப்போதுதான் கிரீம். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். நுரைத்து நிற்க 30-க்கு மேல் வேண்டும் என்பதால் பீட்டரில் எவ்வளவு நேரம் அடித்தாலும் அது பொங்கி வராது. குளிரவைத்து அப்படியே கலப்பதே போதும். கிரீம் வேண்டாமென்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கஸ்டர்ட் காய்ச்சுங்கள், ஓரளவு அந்த வழவழப்பு வந்துவிடும். கண்டென்ஸ்டு மில்க் இதற்குத் தேவையில்லை, பழத்தின் ருசியையே அமுக்கிவிடும்.

பழத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. அது பால் புரதத்தைச் சிதைப்பதால் ஒரு மணி நேரத்தில் சாலட் கசக்கும். கிவி, பப்பாளியும் அப்படியே. அன்னாசி வேண்டுமென்றால் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பாகை வடித்துவிட்டுச் சேருங்கள், அல்லது டின்னில் வருவதை வாங்குங்கள். தர்பூசணி, ஆரஞ்சு இரண்டும் கூடாது: முதலாவது தண்ணீர், இரண்டாவது புளிப்பு. பன்னீர் திராட்சைக்கு விதையும் தடித்த தோலும் இருக்கிறது, விதையில்லாத திராட்சையே மேல். மாம்பழத்தில் நார் இல்லாத பங்கனபள்ளி. வாழையில் மலைப்பழமோ செவ்வாழையோ நன்றாக நிற்கும். பச்சைநாடான் சீக்கிரம் குழைந்துவிடும். எந்த வாழையானாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் நறுக்க வேண்டும். ஆப்பிளை நறுக்கியதும் கஸ்டர்டில் போட்டுவிட்டால் காற்றுப் படாது, கறுக்காது. மாதுளையைக் கலக்காமல் மேலே தூவுங்கள், கலந்தால் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறும்.

பவுடரில் குறை சொல்ல வேண்டுமானால் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும். பொருள் பட்டியலில் 102 என்ற எண் இருந்தால் டார்ட்ராசின் என்ற செயற்கை மஞ்சள். அது வேண்டாதவர்கள் அதே 25 கிராம் சோளமாவு, அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், சிட்டிகை உப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். எசன்ஸை இறக்கிய பிறகே விட வேண்டும். பெரிய பெட்டி லாபம் என்று வாங்காதீர்கள். திறந்து சில மாதத்தில் வெனிலா வாசனை மங்கிவிடும், மிஞ்சுவது சோளமாவின் வேலை மட்டும்தான்.

மிச்சமானால் ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் மாவு தண்ணீரைப் பிரித்து விட்டுத் திரிதிரியாகிவிடும்.