ஸ்வீடிஷ் பட அட்டைகள்: ஓராண்டுப் புழக்கத்தில் தெரிந்தவை

நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்வீடிஷ் தொடங்கிவைக்கக் கையால் செய்த பட அட்டைகளும் லெக்சின் இணைய அகராதியும் போதும். லெக்சின் இலவசம், சொல்லைத் தேடினால் ஒலியையும் கேட்கலாம். நாளைக்குப் பத்து நிமிஷம், வாரத்துக்கு ஆறு புதுச் சொல், கூடவே பழைய பத்து. ஒன்று மட்டும் கூடவே கூடாது: அட்டையின் பின்னால் தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதுவது. எழுதிவைத்தால் பிள்ளை அதை வாசிக்கும், ஒலியைக் கேட்காது. கீழே தமிழில் தந்திருப்பது பெரியவர்களுக்கு மட்டும்.

குறில், நெடில் பழகிய காது பெரிய உதவி. 'தாக்' என்றால் கூரை, 'தக்க்' என்றால் நன்றி. 'க்ளாஸ்' தம்ளர், 'க்ளஸ்ஸ்' ஐஸ்கிரீம். இந்த ஜோடியைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. ஆனால் தமிழில் 'பாட்டு' என நெடிலுக்குப் பின்னும் மெய் இரட்டிக்கும். ஸ்வீடிஷில் அப்படி வராது: உயிர் நீண்டால் மெய் குறுகும், உயிர் குறுகினால் மெய் நீளும். குறிலை மட்டும் குறுக்கிவிட்டு மெய்யை அழுத்தாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

உயிரெழுத்து ஒன்பது. அதிகம் தடுக்குவது ஆங்கில 'ஒய்' எழுத்தின் ஒலி. ஸ்வீடிஷில் 'நீ' என்று சொன்னால் அது 'நீங்கள்'. அதே 'நீ'யை, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்துச் சொன்னால் 'புதிய'. கண்ணாடி முன் உட்காரவைத்து, ஈ... என்று இழுக்கும்போதே உதட்டைக் குவிக்கச் சொல்லுங்கள். நாக்கு பின்னால் போனால் 'நூ' ஆகிவிடும். அப்போது மறுபடி ஈயிலிருந்து தொடங்க வேண்டும். ஏ சொல்லி உதட்டைக் குவித்தால் மேலே இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஓ' எழுத்தின் ஒலி வரும். புள்ளியில்லாத 'ஓ' எழுத்தை நம்பாதீர்கள்: சூரியன் 'ஸூல்', மகன் 'ஸோன்'. இரண்டிலும் அதே எழுத்துதான்.

'கே' எழுத்து சில உயிர்களுக்கு முன் மென்மையாகி, 'ஷ'வுக்குக் கிட்ட போகும். சமையலறைக்கான சொல் அப்படித்தான் தொடங்குகிறது. வரிசையில் நிற்பதற்கான சொல்லிலோ அதே எழுத்து வல்லொலியாகவே நிற்கிறது. ஏழு வயதுக்குள் விதி சொல்லிப் பயனில்லை, சொல்லாகவே பழக்குங்கள்.

சொல்லை ஒருபோதும் தனியாகக் கொடுக்காதீர்கள்; 'ஒரு' என்ற பொருளில் முன்னால் வரும் 'என்' அல்லது 'எத்த்' சேர்த்தே கொடுங்கள். பந்து 'என் பொல்ல்', ஆப்பிள் 'எத்த் எப்லெ'. அட்டையில் நீலக் கரை 'என்', சிவப்புக் கரை 'எத்த்'. பெயர்ச்சொற்களில் ஏறக்குறைய முக்கால்பங்கு 'என்' வகை. அதனால் யூகித்தே தப்பிக்கப் பார்க்கும் பிள்ளையிடம் சிவப்பு அட்டைகளை அடிக்கடி காட்ட வேண்டும். மூன்றாம் மாதம் 'பொல்லென்' (அந்தப் பந்து), 'எப்லெத்' (அந்த ஆப்பிள்) என்ற குறித்த பொருள் வடிவம் வரும்போது இந்த உழைப்பு பலிக்கிறது. தனிச்சொல்லாகக் கற்ற பிள்ளை அங்கே முழுசாகத் தடுமாறும்.

ஏழு என்ற எண்ணுக்கான ஸ்வீடிஷ் சொல்லின் முதல் ஒலிதான் கடைசியாகப் படியும். ஸ்வீடன் பிள்ளைகளுக்கே அது தாமதம். 'ஷ' போலச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். வட ஸ்வீடனிலும் பின்லாந்திலும் அதற்கு நெருக்கமாகத்தான் பலர் பேசுகிறார்கள்.