சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விற்கும் மூன்று சாமான் 'பல் சுத்த' பெட்டி: வாங்குவதற்கு முன் படியுங்கள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) சுற்றியுள்ள தோட்டத்து லயங்களிலும் ஒரு பெட்டி 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கப்படுகிறது. முன்பணம் 50, மீதி தவணை. உள்ளே மூன்று சாமான்: ஒரு பேட்டரி பிரஷ், பல்லிடுக்கில் தண்ணீர் பீய்ச்சும் கருவி, 'அல்ட்ராசோனிக்' என்று எழுதிய ஒரு கம்பிமுனைக் கருவி. மூன்றில் ஒன்றுகூட சொன்ன வேலையைச் செய்வதில்லை. கம்பிமுனை ஆபத்தானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

வெற்றிலை போடும் பாட்டி ஒருவரை உட்காரவைத்து, கீழ்வரிசை முன்பல்லின் உட்பக்கத்தில் கம்பியை வைத்துச் சுரண்டிக் காட்டுகிறார்கள். கறுத்த காரை (பல்லில் கல்லாய் இறுகிப்போன அழுக்கு) சில்லுச் சில்லாக விழும். கூட்டம் அசந்துபோகிறது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துளை இருப்பதால் அந்த இடத்தில்தான் காரை தடிமனாகக் கட்டும். கூரான எந்தக் கம்பியாலும் அதைப் பெயர்க்கலாம். பல் கிளினிக்கில் இருக்கும் உண்மையான அல்ட்ராசோனிக் கருவியின் முனை நொடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 45,000 முறை அதிரும். சூட்டைத் தணிக்க அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டிச் சாமானில் தண்ணீருக்கு வழியே இல்லை. உள்ளே இருப்பது கைப்பேசியை அதிரவைக்கும் வகைச் சின்ன மோட்டார், அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை. முனையைவிடக் கைப்பிடிதான் அதிகம் ஆடும். ஆக, காரையைப் பெயர்ப்பது அதிர்வு அல்ல, கையின் அழுத்தம்.

அந்த அழுத்தம் பல்லின் மேற்பரப்பைக் கீறும். கீறின இடத்தில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். ஈறு இறங்கியவர்களுக்கு வேர் வெளியே தெரியும்; வேர் எனாமலைவிட (பல்லின் கெட்டியான மேல்பூச்சு) மென்மையானது, அதைச் சுரண்டினால் கூச்சம் பிடித்துக்கொள்ளும். அடைத்த பல்லின் ஓரமும் உடையும். இதையெல்லாம்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பல்லை ஆடவைக்கும் காரை ஈறுக்குள்ளே இருக்கிறது, கண்ணாடியில் தெரியாது. வெளியே வெள்ளையாகிவிட்டதே என்று கிளினிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகிறது. ஒரே முனையை அடுத்தடுத்து இரண்டு பேர் வாயில் வைத்தால் ஹெபடைடிஸ் பி பரவவும் வழி உண்டு. பதிவு பெறாதவர் பிறர் பல்லுக்குச் சிகிச்சை செய்வது மலேசியாவின் 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். 'சும்மா டெமோதான்' என்றாலும் வாயைத் திறக்காதீர்கள்.

இனி பிரஷ். நல்ல பேட்டரி பிரஷ் வீண் செலவு அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தொகுப்பின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால் கைப்பிரஷைவிடப் பல் அழுக்கு 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைகின்றன. ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது அந்த வகையே அல்ல. அட்டையில் நிமிடத்துக்கு 42,000 அதிர்வு என்று போட்டிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; தூரிகை நுனி எவ்வளவு தூரம் அசைகிறது என்பதும் முக்கியம். பிரஷை லேசாகப் பிடித்து ஓடவிடுங்கள். கை மரத்துப்போகும் அளவுக்குக் கைப்பிடி நடுங்கி, நுனி அசையாமல் நின்றால் வாங்காதீர்கள். நுனியைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: நல்லதில் இழைகளின் முனை உருண்டிருக்கும், மட்டமானதில் வெட்டின கூர் அப்படியே இருக்கும், ஈறைக் கிழிக்கும். தலை பொருந்தும் தண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் இறங்கி பேட்டரி துருப்பிடிக்கும். மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், ஆண்டுக்கு நான்கு. இந்தப் பெட்டிக்கு மாற்றுத் தலை கடைகளில் கிடைப்பதில்லை.

சார்ஜரையும் கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சில சார்ஜர்கள் 110 முதல் 130 வோல்ட் வரைதான் தாங்கும், நம் சுவிட்சில் சொருகினால் கருகிவிடும். இரண்டு முள் பிளக்கை நுழைக்க, மேல் துளையில் பேனாவை விட்டு அமுக்கும் பழக்கத்தை விடுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) முத்திரை உள்ள அடாப்டர் வாங்குங்கள்.

தண்ணீர் பீய்ச்சும் கருவி பிரஷுக்குப் பதில் ஆகாது. ஒட்டின அழுக்கு தேய்த்தால்தான் போகும். பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடித்துக் கட்டிய செயற்கைப் பல்), இம்பிளாண்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்) வைத்தவர்கள் ஆகியோருக்குக் குறிப்பாக அது உதவும். குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

பேட்டரி பிரஷ் யாருக்கு வேண்டும்? விரல் மூட்டு வலியுள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், படுக்கையில் கிடப்பவருக்குப் பல் துலக்கிவிடுபவர்கள், பிரஷை அழுத்தித் தேய்க்கும் பழக்கமுள்ளவர்கள். இரண்டு நிமிட டைமரும், அழுத்தினால் எச்சரிக்கும் வசதியும் உள்ள மாடல் போதும், அதற்குமேல் புளூடூத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் மென்மையான கைப்பிரஷையும் ஃபுளோரைடு பற்பசையையும் வைத்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்கினாலே போதும். காரை கட்டியிருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் சில வெள்ளிக்குள் எடுத்துவிடுவார்கள்.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது, தவணை அட்டை, பெட்டி, பணம் அனுப்பின பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ரசீது தராத கடையென்றால், விற்பவர் மீண்டும் வரும் நாளில் கடையையும் வண்டி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிமுனையால் சுரண்டியபின் பல் கூசுகிறது, ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றால் அதைத் திரும்பத் தொடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் தாமதிக்காமல் உடனே போக வேண்டும். சாப்பிடும் மருந்தின் பெயரையும் கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.