ட்ரைவுக்கு முன்னால் 3% லைன் சோக்: வாங்கலாமா?

கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். 11 கிலோவாட் ட்ரைவுக்காக (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) உள்ளூரில் சுற்றித் தரும் ஒருவரிடம் வாங்கிய மூன்று ஃபேஸ் சோக் இது, அதாவது ட்ரைவுக்குப் போகும் லைனில் கரண்ட் திடீரென மாறாமல் தடுக்கும் சுருள். 3% என்றால் ஃபுல் லோடில் சோக்கின் குறுக்கே வரும் வோல்டேஜ், ஃபேஸ் வோல்டேஜில் சுமார் 3 சதவீதம். செம்புக் கம்பி, 25 ஆம்ப்ஸ், ஃபேஸுக்கு 1 மில்லிஹென்றி.

வாங்கக் காரணம் எங்கள் ஏபிஎஃப்சி பேனல்தான் (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யக் கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து விலக்கும் பேனல்). கெப்பாசிட்டர் 'டக்'கென்று உள்ளே விழும்போதெல்லாம் ட்ரைவ் ஓவர்வோல்டேஜ் காட்டி நின்றுவிடும். 415 வோல்ட் சப்ளைக்கு ட்ரைவுக்குள் டிசி பஸ் (ஏசியை மாற்றிக் கிடைக்கும் டிசி நிற்கும் பகுதி) 585 வோல்ட் சுமாரில் நிற்கும். கெப்பாசிட்டர் சேரும் அந்த நொடியில் வரும் ஸ்பைக் அதை ட்ரிப் அளவுக்குத் தூக்கிவிடும். சோக் போட்டபின் அந்தத் தொல்லை விட்டது. எனக்கு அதுவே போதும்.

ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத கரண்ட் அலைகள்) குறைந்தது கூடுதல் லாபம். நண்பரின் அனலைசரை வைத்துப் பார்த்தோம்: கரண்ட் டிஎச்டி (அந்த அலைகளால் வரும் மொத்தச் சிதைவு) முன்பு 80 சதவீதத்துக்கு மேல், இப்போது 40 பக்கம். ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது 250 ஹெர்ட்ஸ், நன்றாக அடங்கியிருக்கிறது. உங்கள் ட்ரைவுக்குள் டிசி சோக் (டிசி பக்கத்தில் இதே போன்ற வேலை செய்யும் சுருள்) ஏற்கெனவே இருந்தால் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. முதலில் மேனுவலைப் பாருங்கள். சிலர் கடைக்காரர் சொன்னார் என்று இரண்டையும் மாட்டிவிட்டு, ஏன் மாற்றமில்லை என்று கேட்கிறார்கள்!

இது தீர்க்காத விஷயமும் உண்டு. சாயங்காலம் ஃபீடரில் வோல்டேஜ் இறங்கினால் ட்ரைவ் அண்டர்வோல்டேஜில் நிற்கத்தான் செய்யும். சோக்கே ஃபுல் லோடில் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும் என்பதால் 5% மாடல் எடுக்குமுன் யோசியுங்கள். ஃபேஸ்களுக்குள் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் இது மருந்தில்லை. பல மேனுவல்கள் அந்த வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கின்றன. அதைத் தாண்டினால் ஒரு ஃபேஸ் மட்டும் அதிகக் கரண்ட் இழுத்து ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக்கும் பகுதி) சுடவைக்கும். அதற்கு சிங்கிள் ஃபேஸ் லோடுகளைப் பிரித்துப் போடத்தான் வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது எச்பி மட்டும் சொல்லாதீர்கள். ட்ரைவின் இன்புட் ஆம்ப்ஸைச் சொல்லுங்கள். ஹார்மோனிக்ஸால் கோர் சூடாகும், ஆகவே பேனலுக்குள் ட்ரைவை ஒட்டி வைக்காமல் கீழே காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். ஓடும்போது 'ம்ம்' என்ற இரைச்சல் உண்டு, லேத் சத்தத்தில் கேட்காது.

குறை சொல்வதென்றால் டெர்மினல்தான். 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் முனையில் மாட்டும் லக்கை இறுக்க ஸ்பேனர் நுழைய மாட்டேன் என்கிறது, மூடியும் தரவில்லை. பஸ்பார் பட்டியில் போல்ட் வைத்துக் கேட்டால் போட்டுத் தருகிறார், விலை கொஞ்சம் கூடும். அப்படியே வாங்குங்கள்.