வாசல் வரை வேகம் சொல்லும் சேவை: ஆஃப்காமின் பிராட்பேண்ட் சரிபார்ப்பு

பிரிட்டனில் வீடு மாறுவதற்கு முன் இணைய வேகத்தை அறிய விரும்புவோருக்கு, அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இலவசமாக நடத்தும் சரிபார்ப்புச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டு, வரும் பட்டியலில் வீட்டைத் தேர்ந்தெடுத்தால், அங்கே கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பதிவிறக்க வேகமும் பதிவேற்ற வேகமும் தெரிந்துவிடுகின்றன.

முகவரி வரை இறங்கி வருவதுதான் இதன் பெரிய பலம். தொலைபேசி நிலையத்தை நடுவில் வைத்து வட்டம் வரைந்து, அதற்குள் இணையம் கிடைக்கும் என்று நிறம் பூசிய வரைபடங்களைப் பார்த்தவர்களுக்கே இதன் அருமை புரியும். தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகவே இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் அந்த வட்டத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. செப்புக் கம்பி நீள நீளச் சமிக்ஞை தேய்ந்துகொண்டே போகும். நொடிக்கு 24 மெகாபிட் வரை தரக்கூடிய, அதன் மேம்பட்ட வடிவமான ஏடிஎஸ்எல்2+ கூட, கம்பி மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் பழைய ஏடிஎஸ்எல்லைவிடப் பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. ஆனால் கம்பி நேர்கோட்டில் செல்வதில்லை. தெருக்களை ஒட்டி வளைந்து, ஆறு குறுக்கிட்டால் பாலத்தைத் தேடிச் சுற்றித்தான் வீட்டை அடைகிறது. சில இடங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி புதைக்கப்பட்டிருப்பதையும் எந்த வட்டமும் காட்டாது.

தெருவோரப் பெட்டி வரை கண்ணாடி இழை வந்த பிறகு கணக்கே மாறியது. 80 மெகாபிட் வரையிலான அந்த இணைப்பில், வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையே எஞ்சியிருக்கும் செப்புக் கம்பியின் நீளமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதில் என்னை மிகவும் வருத்திய செய்தி, நிலையத்துக்கு அடுத்த தெருக்களில் இருந்த பல வீடுகள் பெட்டியே இல்லாமல் நிலையத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டிருந்ததால், புதிய வசதி அவற்றுக்கு எட்டாமல் போனதுதான். வரைபடத்தில் மிக அடர்த்தியாக நிறம் பூசப்பட்ட நடுப்பகுதி மக்களே காத்திருக்க நேர்ந்தது.

சேவையின் பயன் வேகத்தைத் தெரிந்துகொள்வதோடு நிற்பதில்லை. பதிவிறக்கம் 10 மெகாபிட்டையும் பதிவேற்றம் 1 மெகாபிட்டையும் எட்டாத வீடுகளுக்கு, அந்த அளவு இணைப்பைக் கேட்டுப் பெறும் சட்டப்படியான உரிமை 2020 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. இணைப்பு அமைக்கும் செலவு 3,400 பவுண்டைத் தாண்டினால் மிகுதியை வீட்டுக்காரர் ஏற்க வேண்டியிருக்கலாம் என்றாலும், தொலைவில் தனித்திருக்கும் பண்ணை வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல. விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சரிபார்ப்பு காட்டும் வேகத்தைத்தான்.

கூடுதலாக ஒன்றை எதிர்பார்க்கிறேன். வேகம் குறைவாக இருப்பதன் காரணத்தையும், அதாவது எந்தப் பெட்டி, எவ்வளவு நீளக் கம்பி என்பதையும் அதே பக்கத்தில் தந்தால், இணைப்பை மாற்றுவதால் பலன் உண்டா என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்வார். சுமார் 5,600 தொலைபேசி நிலையங்களை ஏறத்தாழ 1,000 ஆகக் குறைக்க, பிரிட்டனின் தொலைபேசிக் கம்பி வலையமைப்பைப் பராமரிக்கும் நிறுவனமான ஓபன்ரீச் திட்டமிட்டுள்ளது. கண்ணாடி இழை பல கிலோமீட்டர் தாண்டியும் வேகம் குன்றாது என்பதால் அது சாத்தியமாகிறது. அந்த மாற்றம் தங்கள் தெருவுக்கு வந்து சேரும் வரை செப்புக் கம்பியை நம்பியிருப்போருக்கு இந்த விவரம் மிகவும் தேவை.