டைல்ஸ் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி: நீட்டிப்பதா, விட்டுவிடுவதா?

வெளிநாட்டுக்காரர் தன் நாட்டில் விற்பதைவிட மலிவாக இங்கே சரக்கைக் குவிப்பதைத் தடுக்கப் போடுவதுதான் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (anti-dumping duty). சீன விட்ரிஃபைடு டைல்ஸுக்கு 2016 மார்ச்சில் இந்தியா தற்காலிகமாகப் போட்ட வரி சதுர மீட்டருக்கு 1.37 டாலர். தற்காலிக வரிக்குப் பின் இறுதியாகப் போடும் வரியும் பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான். தொடர வேண்டுமானால் மறுஆய்வு செய்தாக வேண்டும். அப்போது வீடு கட்டுபவர் ஒரு பக்கம் இழுப்பார், ஆலைக்காரர் மறுபக்கம்.

விலை
நீட்டித்தால்: அந்த 1.37 டாலர் வரி, அன்றைய டாலர் மதிப்பில் சதுர அடிக்குச் சுமார் எட்டரை ரூபாய். வியாபாரி முழுவதையும் நம் தலையில் கட்டினால் 1,000 சதுர அடித் தளத்துக்குச் சுமார் 8,500 ரூபாய்.
விட்டால்: அந்தச் சுமை இறங்கும்.

ஆலைகள்
நீட்டித்தால்: குஜராத்தின் மோர்பி ஆலைகளுக்கு மூச்சுவிட அவகாசம்.
விட்டால்: சீனாவில் விற்பதைவிட மலிவாக இங்கே சரக்கு இறங்கலாம். டைல்ஸ் சூளை இரவு பகலாக எரிய வேண்டியது. ஆர்டர் குறைந்தது என்று அணைத்துவிட்டு, நினைத்தபோது மூட்டிவிட முடியாது. சூளை நின்றால் கூலி வேலையும் நிற்கும்.

தரம்
இரண்டிலும் மாற்றமில்லை. வரி விலையைத்தான் பார்க்கிறது.

என் கருத்து இதுதான்: நூற்றுக்கணக்கான ஆலைகள் தங்களுக்குள்ளேயே போட்டி போடும் டைல்ஸ் போன்ற பொருளுக்கு, வரியை எடுத்தால் குவிப்பு திரும்பும் என்று கணக்கோடு காட்டினால் நீட்டிக்கலாம். அதுவும் பழைய தொகையை அப்படியே இழுக்காமல், இன்றைய பாதிப்பை அளந்து. ஃப்ளோட் கண்ணாடி (ஜன்னலுக்குப் போடும் தட்டைக் கண்ணாடி) போல ஒருசில கம்பெனிகளே தயாரிக்கும் பொருளென்றால் விட்டுவிடுவதே சரி. அங்கே இறக்குமதிதான் விலையைக் கட்டுக்குள் வைக்கிறது.