ஆயிலில் தண்ணீர்: மாற்றி மாற்றி ஓட்டுவதா, டீசலில் கழுவுவதா, பிரித்துவிடுவதா?

படகின் பழைய டீசல் எஞ்சினில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவும்போது ஆயில் கறுப்பாக இல்லாமல் பால்போல வெளுத்து வந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது. அப்புறம் ஆளுக்கொரு யோசனை வரும். புது ஆயிலை மாற்றி மாற்றி ஓட்டு என்பார் ஒருவர். டீசல் ஊற்றிக் கழுவு என்பார் இன்னொருவர். எஞ்சினை இறக்கிப் பிரித்தே ஆகவேண்டும் என்பார் மெக்கானிக். என் படகுக்கு நான் எடுத்தது முதல் வழி. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

எந்த வழியானாலும் தண்ணீர் வந்த பாதையை முதலில் அடைக்க வேண்டும். தண்ணீர் பம்பின் சீல், ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், அரித்துப்போன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டார்) விடாமல் அடித்தாலும் இது நடக்கும்: எஞ்சினைக் குளிர்வித்தபின் புகைக்குழாய்க்குப் பம்ப் தள்ளும் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இருக்காது, சைலன்சர் நிரம்பி சிலிண்டர் பக்கம் திரும்பிவிடும். சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் செல்ஃபைத் தொடவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்ற வேண்டும்.

சரி, ஆயில் மாற்றும் வழிக்கு வருவோம். எஞ்சினைச் சில மணி நேரம் ஆறவிட்டால் தனியாக நிற்கும் தண்ணீர் சம்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) அடியில் இறங்கிவிடும். படகில் டிரெயின் நட்டுக்குக் கை போவது அபூர்வம். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு உறிஞ்ச வேண்டியிருக்கும். டியூப் அடி தொடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சாய்வாக உட்கார்ந்திருப்பதால், தாழ்ந்த மூலையில் கொஞ்சம் எப்படியும் தங்கிவிடும். முதலில் கலங்கல் தண்ணீர் வரும், அதன் பின்னால் வெள்ளைக் கூழ். இந்தக் கூழ்தான் தொல்லை. ஆயிலில் சேர்த்திருக்கும் அழுக்கு நீக்கும் மருந்துகளே தண்ணீரையும் துளித்துளியாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, நிறுத்தி வைத்தால் மட்டும் அது பிரியாது. அதைப் பிரிப்பது சூடுதான்.

மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது எனக்கு முடிவைச் சொன்னது இந்தச் சூடுதான். சரியான கிரேடில் விலை குறைந்த ஆயில், புது ஃபில்டர் (தண்ணீர் பட்ட காகித ஃபில்டர் ஊறிப்போயிருக்கும்), அதன்பின் கியர் போட்டு லோடில் ஓட்டம். நியூட்ரலில் உறுமவிட்டால் ஆயில் போதிய அளவு சூடேறாது. நன்றாகச் சூடேறினால் தண்ணீர் ஆவியாகிப் பிரீதர் (எஞ்சின் உள்ளிருக்கும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வெளியேறும். நிறுத்திவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் அதன் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். சூடாக இருக்கும்போதே ஆயிலை எடுத்துவிட்டு, மறுபடி அதே வேலை. தெளிந்துவிட்டதா என்று கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் மிச்சமிருக்கும் ஆயில் படபடவென்று பொரியும். தண்ணீர் இல்லாதது சத்தமின்றிப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்த வழி தடுமாறும் இடமும் சூடுதான். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரைக் கடல்நீரால் ஆற்றும் கருவி) இருக்கும் எஞ்சின் 80 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடும். கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிடும் பழைய எஞ்சின்களில், உப்புப் படியாமல் இருக்க 55 முதல் 60 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) போட்டிருப்பார்கள். அங்கே தண்ணீர் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், ஆயில் மாற்றங்கள் கூடும்.

டீசல் கழுவலுக்குச் செலவு குறைவு, கூழை இளக்கி மூலைமுடுக்கெல்லாம் போகும். ஆனால் டீசல் தண்ணீரைக் கரைக்காது. பேரிங்குக்குத் தேவையான ஆயில் படலத்தையும் மெலிதாக்கிவிடும் என்பதால், அதை வைத்துக்கொண்டு லோடில் ஓட்ட முடியாது. சில நிமிடம் ஐடிலிங், அவ்வளவுதான். அங்கேயே சூடு போச்சு. தங்கிப்போன டீசலை எடுக்க இன்னொரு ஆயில் மாற்றமும் வேண்டும். மூழ்கிய எஞ்சினை உடனே ஓட்ட வழியில்லாதபோது காற்று படாமல் டீசலால் நிரப்பி வைப்பது நல்ல யோசனைதான். அப்படி வாரக்கணக்கில் வைத்த எஞ்சினை நான் திறந்து பார்த்ததில்லை என்பதால் எவ்வளவு நாள் தாங்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

பிரித்து மேய்வதைப் பற்றிப் பக்கத்தில் நின்று பார்த்த அளவுக்குத்தான் பேச முடியும். உப்புத்தண்ணீர் நாள்கணக்கில் உள்ளே நின்றிருந்தால், கிராங்க் ஜர்னலில் (கிராங்க் தண்டு பேரிங்கில் உட்காரும் வழவழப்பான பகுதி) துருக்குழி விழுந்து பிஸ்டன் ரிங்குகளும் இறுகியிருக்கும். எத்தனை ஆயில் மாற்றினாலும் அது சரியாகாது. மற்றபடி பழைய எஞ்சினில் ஒரு போல்ட்டைக் கழற்றப்போய் அது உள்ளேயே முறியும், உதிரிபாகம் தேடியே சீசன் போய்விடும்.

ஆயில் தெளிந்த பிறகும் சூடான நிலையில் ஆயில் பிரஷர் வழக்கத்தைவிட இறங்கியே நின்றாலோ, அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டாலோ, அதற்குமேல் நான் ஓட்டமாட்டேன். சம்பைக் கழற்றி முதலில் பேரிங்கைப் பார்க்கச் சொல்வேன்.