ஆண் பெண் மண்டை ஓடு மாடல் செட், வாங்கலாமா?

ஃபாரன்சிக் (தடயவியல்) வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கணும்னு ஆன்லைன்ல ஆண் ஒண்ணு பெண் ஒண்ணுன்னு ரெண்டு பிளாஸ்டிக் மண்டை ஓடு செட்டா வாங்குனேன், பார்சல பிரிச்சதும் அம்மா இத ஹால்ல வச்சா நான் வீட்ட விட்டே போயிடுவேன்னுட்டாங்க, அது வேற கதை.

பெண் மண்டை ஓடு நிஜமாவே சூப்பர். நெத்தி செங்குத்தா இருக்கு, புருவ மேடு இல்லன்னே சொல்லலாம், கண்குழியோட மேல் விளிம்ப கட்டைவிரலால தடவுனா நல்லா கூரா தெரியுது. ஆண்ல அதே எடம் மழுங்கலா இருக்கணும், இருக்கு. தாடையும் சதுரமாத்தான் வந்திருக்கு.

சொதப்புனது காதுக்குப் பின்னாடி இருக்குற மாஸ்டாய்டுங்குற எலும்பு மேடு. ஆணுக்கு அது தடிமனா கீழ இறங்கி இருக்கணும், இவங்க ரெண்டுக்கும் ஒரே அச்சுல ஊத்திட்டாங்க போல. பிடரில கழுத்துத் தசை ஒட்டுற மேடும் கைக்குத் தட்டுப்படவே இல்ல. ஆணா பெண்ணான்னு கண்டுபிடிக்க 1ல இருந்து 5 வரை ஸ்கோர் போடுற முறைல பாக்குறதே அஞ்சு எடம், அதுல ரெண்டு காலி! கஸ்டமர் கேர்ல கேட்டா "ஸ்டடி பர்ப்பஸ்தானே சார்"ங்குறாங்க.

பாக்ஸ்ல வேற மண்டை ஓட்ட வச்சே ஆணா பெண்ணான்னு 100% கண்டுபிடிக்கலாம்னு போட்டிருக்கான். எலும்பு ஆராய்ச்சி பண்ணுன மானிடவியல் அறிஞர் க்ரோக்மன் கணக்குலயே மண்டை ஓடு மட்டும்னா 92%, இடுப்பெலும்பு மட்டும்னா 95%, முழு எலும்புக்கூடும் கிடைச்சாதான் 100. அதுவும் பெரியவங்களுக்குத்தான், வயசுக்கு வராத புள்ளைங்க மண்டை ஓட்ட வச்சு நம்பி சொல்லமுடியாது.

தாடை ஸ்பிரிங் ரெண்டாவது வாரமே கழண்டுருச்சு, ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன். 5க்கு 3 ஸ்டார், அதுல ரெண்டு அந்தப் பெண் மண்டை ஓட்டுக்கு.